தலை எண்ணும் வேலை

நம் ஊர் மியூசியங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்: "நம்ம ஜனங்களுக்கு டேஸ்ட் இல்ல பாஸ்." இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது சொல்வார்கள். பாரிஸுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ ஆபீஸ் வேலையாகப் போய்விட்டு வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் வருத்தத்தோடு சொல்வார்கள். "ஃபேன் காத்துக்கு வர்றாங்க, செல்ஃபி எடுக்குறாங்க, சிலையத் தடவிப் பாக்குறாங்க, கிளம்பிடுறாங்க." கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். ஏனென்றால் சொல்பவரும் கேட்பவரும் அந்த 'ஜனங்க'ளில் சேர்த்தி இல்லை என்று ஒரு சொல்லப்படாத ஒப்பந்தம் அங்கே இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. அதைவிட, அதே வாக்கியத்தின் நாகரிகமான, சம்பளம் வாங்குகிற வடிவத்துக்கு எதிரானது. அதற்கு 'கம்யூனிட்டி அவுட்ரீச்' என்று பெயர்.

கடந்த பதினைந்து வருடங்களில் இந்தியாவில் கலைக்கான இடங்கள் கூடியிருக்கின்றன. 2012இல் கொச்சி முசிறி பினாலே தொடங்கியது. 2023இல் பெங்களூரில் கலைக்கும் புகைப்படத்துக்குமான தனியார் அருங்காட்சியகம் திறந்தது. சின்னதும் பெரிதுமாக அறக்கட்டளைகள், காட்சிக்கூடங்கள். இப்படியான இடங்களில் இன்று ஒரு பதவி வழக்கமாகிவிட்டது: சமூகத் தொடர்புக்கும் பொது நிகழ்ச்சிகளுக்கும் பொறுப்பாளர். வேலை என்ன? பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டும். சனி ஞாயிறுகளில் களிமண் பட்டறை, ஓவியப் போட்டி, பாரம்பரிய நடை நடத்த வேண்டும். குப்பத்திலிருந்து இருபது குழந்தைகளைக் கூட்டி வந்து கையில் தூரிகை கொடுத்துப் படம் எடுக்க வேண்டும். வருடக் கடைசியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு எண்ணை அறிக்கையில் ஏற்ற வேண்டும்.

அந்த ஆளால் முடியாதவற்றையும் பட்டியல் போடலாம். எந்தப் பொருள் காட்சிக்கு வரும், எது கிடங்கில் தூங்கும் என்பதில் அவருக்குக் குரல் கிடையாது. லேபிளில் ஒரு சொல்லை மாற்ற முடியாது. எந்த நாளில் மூடுவது, எத்தனை மணி வரை திறந்திருப்பது, டிக்கெட் எவ்வளவு, வாசலில் நிற்கும் காவலாளி வருகிறவரிடம் எப்படிப் பேசுவது, இது எதுவும் அவர் கையில் இல்லை. மக்கள் உண்மையில் மோதிக்கொள்ளும் சுவர்கள் எல்லாம் வேறு ஆட்களின் கட்டுப்பாட்டில். சுவருக்கு வெளியே கோலம் போடுவதுதான் இவர் வேலை.

நான் சொல்ல வருவது இதுதான். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத அவுட்ரீச், மியூசியம் மாறாமல் இருப்பதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு. மக்கள் மாற வேண்டும், நாங்கள் இருக்கிறபடியே இருப்போம் என்பதைப் பணிவான குரலில் சொல்லும் வேலை.

*

சென்னையையே எடுத்துக்கொள்வோம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பழைய மெட்ராஸ்காரர்கள் 'செத்த காலேஜ்' என்று அழைத்தார்கள். மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. 1851இல் நுங்கம்பாக்கத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் மியூசியம் தொடங்கியதால் 'காலேஜ்' ஒட்டிக்கொண்டது என்பார்கள். இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அதில் இருக்கும் விமர்சனத்தைக் கவனிப்பதில்லை. இரண்டு நிறுவனங்களையும் பார்த்துவிட்டு எதில் உயிர் இருக்கிறது, எதில் இல்லை என்று ஊரே தீர்ப்பு எழுதிய பெயர் அது.

இன்னொன்று. இந்த இரண்டு காலேஜும் ஒரே வயிற்றில் பிறந்தவை. மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு டாக்டர். உயிருள்ள மிருகங்களை வைத்தால் கூட்டம் வருகிறது என்பதைக் கவனித்தவர். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களை வாங்கி, 1855இல் மியூசியத்தோடு ஒரு மிருகக்காட்சி சாலையையும் ஆரம்பித்தார். மெட்ராஸ் மியூசியத்தின் முதல் பொது நிகழ்ச்சி என்று அதைத்தான் சொல்ல வேண்டும். சில வருடங்களில் மிருகங்கள் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்விட்டன. (1985இல் அங்கிருந்து வண்டலூர்.) உயிர் அந்தப் பக்கம் போயிற்று, எழும்பூரில் மிச்சம் இருந்ததற்கு மக்கள் பெயர் வைத்தார்கள்.

பால்ஃபருக்குப் பிறகு, 1885 முதல் 1908 வரை, எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். இந்திய மியூசியங்களுக்கு வரும் பெரும்பாலான மக்கள் அதை ஒரு தமாஷா வீடாகத்தான் நினைக்கிறார்கள், கவர்ச்சியாக எதை வைத்தாலும் அவர்களுக்குப் போதும் என்று எழுதியவரும் அவர்தான். அதே மனிதர் அளவுக் கருவிகளை வைத்துக்கொண்டு ஆட்களின் தலையையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்தார், மூக்கின் அகலத்தில் சாதி தெரியும் என்ற நம்பிக்கையில்.

டீக்கடையில் "நம்ம ஜனங்களுக்கு டேஸ்ட் இல்ல" என்று சொல்லும் நண்பர் தன்னை நவீனமானவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் பேசுவது நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளைக்கார சூப்பரின்டென்டென்டின் வசனம். மியூசியத்துக்குள் வந்த மனிதர் அவருக்குப் பார்வையாளர் இல்லை, இன்னொரு காட்சிப் பொருள். அன்றைக்கு மூக்கை அளந்தார்கள், இன்றைக்குத் தலையை எண்ணுகிறார்கள். அளக்கப்படுபவரிடம் "உங்களுக்கு இது என்ன?" என்று கேட்கும் வழக்கம் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். எழும்பூரில் கல்விப் பணிகள் நடக்கின்றன. கோடை முகாம்கள், போட்டிகள், மாணவர்களுக்கான கண்காட்சிகள் எல்லாம் நடந்திருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. குறை, அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலையின் வடிவத்தில் இருக்கிறது.

*

வெண்கலக் கூடத்துக்குப் போவோம். திருவாலங்காட்டு நடராஜர் அங்கே இருக்கிறார். இந்தச் சிலையின் போட்டோக்களைப் பார்த்துவிட்டுத்தான் ரோதான் சிவ நடனத்தைப் பற்றி எழுதினார். அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, 1921இல் அது பிரசுரமானது. ரோதான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மியூசியத்தைப் பற்றி யார் பேசினாலும் ரோதான் கதையைச் சொல்லிவிடுவார்கள். பிரான்ஸில் ஒருவர் போட்டோ பார்த்து வியந்தார் என்பதில் நமக்கு அவ்வளவு பெருமை.

திருவாலங்காடு எங்கே இருக்கிறது? திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே. மின்சார ரயில் நிற்கிற ஸ்டேஷன். சென்ட்ரலில் இறங்கினால் மியூசியம் கூப்பிடு தூரம். அந்த ஊரில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் இந்த நடராஜரை நேரில் பார்த்திருப்பார்கள்? ஒரு கலை மியூசியத்தில் பொது நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான ஒருவர் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது. ரோதான் பார்த்தாரா என்பது அப்புறம்.

வழக்கமாக நம் மியூசிய லேபிளில் என்ன இருக்கும்? தெய்வத்தின் பெயர், உலோகம், நூற்றாண்டு, கிடைத்த ஊர், மாவட்டம். இது தகவல்தான், தப்பில்லை. ஆனால் இது யாருக்கான தகவல்? ஏற்கெனவே தெரிந்தவர் சரிபார்த்துக்கொள்வதற்கான தகவல். கிடங்குப் பதிவேட்டில் இருக்க வேண்டிய வரி சுவருக்கு வந்துவிட்டது. காரைக்கால் அம்மையார் ஆடும் பாதத்தின் கீழ் இருக்கக் கேட்டுப் போய்ச் சேர்ந்த ஊர் திருவாலங்காடு. காளியோடு போட்டி நடனம் நடந்ததாகச் சொல்லப்படும் தலமும் அதுவே. அதைப் பாட்டிகள் சொல்வார்கள். லேபிள் சொல்லாது.

திருவெண்காட்டு அர்த்தநாரியும் இங்கேதான். வலது பாதி சிவன், இரண்டு கை. இடது பாதி பார்வதி, ஒரே கை. மொத்தம் மூன்று. எண்ணிப் பார்த்தால் இடிக்கும், பார்த்தால் இடிக்காது. இடுப்பின் ஒரு பக்கம் நேராக இறங்க, மறுபக்கம் வளைந்து வெளியே வருகிறது. "மூணு கைதான் இருக்கு, ஏன்னு பாரு" என்று யாராவது ஒரு குழந்தையிடம் சொன்னால் போதும். அந்தக் குழந்தை பத்து நிமிடம் அங்கேயே நிற்கும்.

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். கோயிலில் உற்சவர் சிலையை நாம் எப்படிப் பார்க்கிறோம்? பட்டு, மாலை, கவசம், நகை. தெரிவது முகம் மட்டும், சில சமயம் பாதம். அதுவும் தூரத்திலிருந்து, பின்னால் இருப்பவர் தள்ளிக்கொண்டிருக்க. சிற்பி செய்த உடம்பு, தோளிலிருந்து இடுப்புக்கு வரும் கோடு, முதுகு, பின்னல், எதுவும் கண்ணில் படாது. மியூசியத்தில்தான் அது முழுதாகத் தெரிகிறது. முழுக்கத் தெரிவதால் சிலருக்கு அது சாமி இல்லை என்று ஆகிவிடுகிறது, சிலர் அங்கேயும் கைகூப்புகிறார்கள். கைகூப்புகிறவரைப் பார்த்துப் படித்தவர்கள் புன்னகைப்பதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் புன்னகைதான் ரசனைக் கேடாகத் தெரிகிறது. கைகூப்புகிறவர் அந்தப் பொருளோடு ஏதோ ஒரு உறவை வைத்துக்கொண்டு உள்ளே வருகிறார். அந்த உறவிலிருந்து பேச்சை ஆரம்பிக்கத் தெரியாதது மியூசியத்தின் தோல்வி.

இதற்கு ஒரு அரசியல் பக்கமும் உண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலையில். மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல். அதாவது இந்த ஊரின் பெரும்பகுதி மக்களுக்கு, அவர்கள் மண்ணில் வார்த்த சிலையை அருகில் நின்று பார்க்கும் உரிமை இருந்ததில்லை. கருவறைக்குள் இன்றைக்கும் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஒரு பொது மியூசியம் என்பது, யாராக இருந்தாலும், என்ன சாதியாக இருந்தாலும், அந்தச் சிலையின் ஒரு முழம் தள்ளி நிற்க முடிகிற இடம். சுற்றி வந்து முதுகைப் பார்க்க முடிகிற இடம். தமிழ்நாட்டில் ஒரு கலை மியூசியத்தின் சமூகப் பணி என்று ஒன்று இருந்தால் அது இதிலிருந்து தொடங்க வேண்டும். இதைச் சொல்லும் ஒரு பலகையை அந்தக் கூடத்தில் நான் பார்த்ததில்லை.

இந்த வெண்கலங்களில் கணிசமானவை எப்படி வந்தன? ஏர் ஓட்டும்போது, கிணறு வெட்டும்போது, அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து. 1878ஆம் வருடப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் போக, சிலை மியூசியத்துக்கு வந்தது. மண்வெட்டியில் 'ணங்' என்று சத்தம் கேட்ட மனிதரின் பேரன் பேத்திகள் இன்னும் அந்த ஊர்களில் இருப்பார்கள். 'கம்யூனிட்டி' என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் என்ன வேண்டும்?

*

"அதெல்லாம் சரி, கூப்பிட்டா வரவா போறாங்க?" என்பார்கள். கீழடியைப் பாருங்கள்.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. வேன் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனார்கள், போகிறார்கள். அங்கே இருப்பது என்ன? பானை ஓடு, மணி, தாயக்கட்டை, சுட்ட மண் குழாய். தங்கக் குவியல் கிடையாது, ஆளுயரச் சிலை கிடையாது. 'டேஸ்ட் இல்லாத' மக்கள் பானை ஓட்டைப் பார்க்க வரிசையில் ஏன் நிற்கிறார்கள்? ஏனென்றால் கட்டடம் வருவதற்கு முன்பே கதை வந்துவிட்டது. 2015 முதல் அது செய்தியில் இருந்தது. அகழாய்வுப் பொறுப்பாளரை இடம் மாற்றியதற்கு எதிர்ப்பு, நீதிமன்ற வழக்கு, மாநிலத் தொல்லியல் துறை பொறுப்பேற்றது, 2019 அறிக்கை, மேடைப் பேச்சு, பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி, வாட்ஸப் ஃபார்வர்டு. அதில் மிகையும் பொய்யும் கலந்துதான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொருள்கள் யாருடையவை, அவற்றால் நமக்கு என்ன, என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. கட்டடம் திறந்த அன்று மக்கள் பார்வையாளர்களாக வரவில்லை. உரிமைக்காரர்களாக வந்தார்கள்.

எழும்பூருக்கு எந்த 'டேஸ்ட்' இல்லாத கூட்டம் வருகிறதோ அதே கூட்டம்தான் கீழடிக்கும் போனது. மாறியது மக்கள் இல்லை.

*

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை பழக்கமானது. ஆரம்ப காலத்தில் யாராவது ஒரு பட்டனைத் தப்பாக அழுத்தினால் 'யூசர் எரர்' என்று எழுதி டிக்கெட்டை மூடுவோம். நூறு பேர் அதே பட்டனைத் தப்பாக அழுத்தினால் தப்பு பட்டனில் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள இந்தத் துறைக்குப் பல வருடங்கள் பிடித்தன. இன்றைக்கும் மோசமான கம்பெனி எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு: வாடிக்கையாளரின் போனை எடுக்கும் சப்போர்ட் டீமுக்கு, தயாரிப்பில் ஒரு மாற்றத்தைக் கேட்டு வாங்கும் அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தில் அந்த டீமின் வேலை மன்னிப்புக் கேட்பது மட்டும். "சிரமத்துக்கு வருந்துகிறோம்." எதுவும் சரியாகாது.

மியூசியத்தின் அவுட்ரீச் பொறுப்பாளர் அந்த சப்போர்ட் டீம். மக்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று நிறுவனத்திலேயே அதிகம் தெரிந்தவர் அவர். எந்த லேபிள் முன் நிற்காமல் நகர்கிறார்கள், எந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்படுகிறார்கள், உட்கார பெஞ்ச் இல்லாமல் எந்தக் கூடத்தில் வயதானவர்கள் திரும்பிவிடுகிறார்கள், எல்லாம் தெரியும். தெரிந்து என்ன பயன்? பழுது நீக்கும் சாவி வேறு ஒருவரிடம்.

சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. தூரத்து உதாரணம், ஆனால் விவரங்கள் முக்கியம்.

*

அமெரிக்காவின் டெட்ராய்ட். கார் கம்பெனிகளின் நகரம். அங்கே ஒரு பெரிய கலை மியூசியம், டெட்ராய்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்ட்ஸ். அதன் நடுமுற்றத்தின் நான்கு சுவர்களிலும் தியேகோ ரிவேரா 1932-33இல் வரைந்த சுவரோவியங்கள், 27 பகுதிகள். ஃபோர்டு தொழிற்சாலையின் உலைகளும் தொழிலாளர்களும்.

2007 நவம்பரில் இந்த மியூசியம் தன் நிரந்தரக் காட்சிகள் அனைத்தையும் மறுபடி அடுக்கித் திறந்தது. முக்கியமான விஷயம் அடுக்கிய விதம். காப்பாட்சியர்கள் மட்டும் அறையில் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு குழுவிலும் கல்விப் பிரிவினர் சமமாக உட்கார்ந்தார்கள். ஊரிலிருந்து சாதாரண ஆட்களைக் கொண்ட பார்வையாளர் குழுக்களைக் கூட்டி, லேபிள்களையும் காட்சித் திட்டங்களையும் அவர்களிடம் காட்டித் திருத்தினார்கள். பாணி, பள்ளி, நூற்றாண்டு என்ற வரிசைக்குப் பதிலாக மனித அனுபவங்களை ஒட்டிக் கூடங்கள் அமைந்தன. கலை விமர்சகர்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. எளிமைப்படுத்திக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள்.

2010இல் அடுத்த வேலை. சேகரிப்பில் இருக்கும் புகழ்பெற்ற ஓவியங்களின் நகல்களைச் சட்டத்தோடு தெருக்களிலும் பூங்காக்களிலும் கடைச் சுவர்களிலும் மாட்டினார்கள். இதுவும் வழக்கமான அவுட்ரீச்தானே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. தெருவில் நகலைப் பார்த்துவிட்டு அசலைத் தேடி உள்ளே வருகிறவருக்கு, உள்ளேயும் அவரை நினைத்து எழுதிய லேபிள் காத்திருந்தது. வெளியே கோலமும் உள்ளே பூட்டும் என்று இல்லை.

2012 ஆகஸ்டில் பரீட்சை வந்தது. பணமில்லாமல் தள்ளாடிய மியூசியம் நேராக மக்களிடம் போய் வரி கேட்டது. மூன்று மாவட்டங்களில் வாக்கெடுப்பு. ஒன்றரை லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 15 டாலர், பத்து வருடத்துக்கு. பதிலுக்கு அந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இலவச அனுமதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சுற்றுலாவும் பஸ்ஸும், முதியவர்களுக்கான நிகழ்ச்சிகள். பொருளாதாரம் படுத்துக்கிடந்த நேரம். வீட்டை வங்கியிடம் இழந்தவர்கள் நிறைந்த ஊர். மூன்று மாவட்டத்திலும் ஜெயித்தது, ஒன்றில் மயிரிழையில். வருடத்துக்கு சுமார் 2.3 கோடி டாலர்.

அடுத்த வருடம், 2013 ஜூலையில், டெட்ராய்ட் நகரமே திவால். கடன் கொடுத்தவர்களின் கண் மியூசியத்தின் மேல் விழுந்தது. சேகரிப்பு நகரத்தின் சொத்து, விற்றால் பணம். கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் வந்து நகரப் பணத்தில் வாங்கிய படைப்புகளை மட்டும் மதிப்பிட்டது: 45 கோடியிலிருந்து 87 கோடி டாலர் வரை. அப்போது வரி கொடுக்கும் மாவட்டங்களிலிருந்து எதிர்ப்புக் குரல் வந்தது. கலையை விற்றால் எங்கள் வரி நிற்கும் என்று ஒரு மாவட்டத்தின் கலை ஆணையம் தீர்மானமே போட்டது. கடைசியில் அறக்கட்டளைகள், மாநில அரசு, மியூசியம் சேர்ந்து இருபது ஆண்டுகளில் 80 கோடி டாலருக்கும் மேல் தருவதாக ஒப்பந்தம். பணம் ஓய்வூதியக்காரர்களுக்குப் போனது, சேகரிப்பு தனி அறக்கட்டளையின் கைக்கு மாறியது. ஒரு ஓவியம்கூட ஏலத்துக்குப் போகவில்லை. 2020இல் அதே வரியை நீட்டிக்க மறுபடி ஓட்டு. மறுபடி ஜெயித்தார்கள்.

கலையைக் காப்பாற்றியது லேபிள்தான் என்று நான் சொல்லவில்லை. பெரும்பணம் அறக்கட்டளைகளிடமிருந்து வந்தது, அரசியல் பேரம் நடந்தது, ஓய்வூதியக்காரர்களும் வெட்டை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டியிருந்தது. டெட்ராய்ட் சொர்க்கமும் இல்லை. ஆனால் ஒரு மியூசியம் ஆபத்தில் மாட்டியபோது "அது எங்களுது" என்று சொல்ல லட்சக்கணக்கான ஆட்கள் இருந்தார்கள். நம் மியூசியங்களில் ஒன்றுக்கு நாளை அப்படி ஒரு ஆபத்து வந்தால் எத்தனை பேர் தெருவுக்கு வருவார்கள்? எழும்பூர் வளாகத்தில் 1909இல் திறந்த அந்த அழகான சிவப்புக் கட்டடம், தேசியக் கலைக்கூடம், விரிசல் விட்டுப் பல வருடங்கள் பூட்டிக் கிடந்தது. ரவிவர்மாவின் ஓவியங்கள் தொங்கிய இடம். நகரம் கவனித்ததாகவே தெரியவில்லை. மக்களுக்கு ரசனை இல்லாததால் என்பீர்களா, அது தங்களுடையது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லாததால் என்பீர்களா?

*

மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதலாவது: "மக்களிடம் கேட்டு லேபிள் எழுதினால் அறிவு நீர்த்துப்போகும்." நூற்றாண்டைச் சொல்லாதே என்று யாரும் கேட்கவில்லை. காப்பாட்சியருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. அதனால்தான் அதை அவர் சொல்லியாக வேண்டும். சுவாமிமலை ஸ்தபதி ஒருவரைக் கூடத்துக்கு அழைத்து, தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து ஒரு விரலை உருட்டிக் காட்டச் சொல்லுங்கள். மெழுகின் மேல் வண்டல் மண் பூசுவதை, சூட்டில் மெழுகு வழிந்தோடி அந்தக் காலி இடத்தில் உலோகம் நிரம்புவதை அவர் விளக்கட்டும். பார்த்தவருக்கு ஒவ்வொரு சிலைக்கும் ஒரு அச்சுதான், உடைத்தால் போயிற்று, இரண்டாவது கிடையாது என்பது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். 'மெழுகு வார்ப்பு முறை' என்று எழுதிய லேபிள் எத்தனை வருடம் தொங்கினாலும் அது நடக்காது. இதில் எங்கே நீர்த்தது?

இரண்டாவது: "பணம் இல்லை." கீழடிக்குப் பணம் வந்தது. பணம் வருவதும் வராததும் யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கேட்க ஆள் சேர்ப்பதுதான் பொது நிகழ்ச்சிகளின் வேலை. அதோடு, நான் சொல்பவற்றில் பாதிக்குப் பணமே வேண்டாம். பலகையில் நான்கு வரியை மாற்றி எழுத எவ்வளவு செலவாகும்?

மூன்றாவதுதான் உண்மையில் மனதில் இருப்பது, வெளியே சொல்லமாட்டார்கள்: "எல்லாரும் வந்துட்டா இடம் கெட்டுடும்." அமைதி போய்விடும், குழந்தைகள் ஓடும், சாப்பாட்டு டப்பா திறப்பார்கள். இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. ஆமாம், சத்தம் வரும். மெரினாவில் 1959இல் வைத்த ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலைக்குக் கீழே எத்தனை வருடமாகச் சத்தம்! ஊர்வலம் கிளம்பும் இடமாக, பஸ் நிறுத்தத்தின் பெயராக, ஆட்டோக்காரரிடம் சொல்லும் அடையாளமாக அது ஆகிவிட்டது. மெட்ராஸ் கலைப்பள்ளியின் முதல்வர் செய்த நவீன சிற்பம் அது என்று தெரியாமலேயே ஊர் அதை எடுத்துக்கொண்டது. ஒரு சிற்பத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

*

ஆகவே, இப்படியொரு பதவியை உருவாக்கும் மியூசியங்களுக்கும், அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கும் நண்பர்களுக்கும் (இதைப் படிப்பவர்களில் சிலர் நிச்சயம் விண்ணப்பிப்பீர்கள்) நேராகச் சில கோரிக்கைகள்.

லேபிளில் கையெழுத்து உரிமை கேளுங்கள். காப்பாட்சியர் உண்மையைச் சரிபார்க்கட்டும், நீங்கள் புரிகிறதா என்று சரிபாருங்கள். இருவரும் ஒப்பாமல் எந்தப் பலகையும் சுவருக்குப் போகக் கூடாது. திறக்கும் நேரத்தில் குரல் கேளுங்கள். மாலை ஐந்து மணிக்கு மூடும் மியூசியம் வேலைக்குப் போகிறவரிடம் "நீ வராதே" என்று தினமும் சொல்கிறது. அதை வாரத்தில் ஒரு நாளாவது எட்டு மணியாக்குங்கள். காவலாளிகளைப் பொது நிகழ்ச்சிப் பிரிவின் கீழ் கொண்டுவாருங்கள். வருகிறவர் முதலில் சந்திக்கும் மனிதர் அவர், பல சமயம் ஒரே மனிதரும் அவர்தான். "தொடாதே" என்பதற்கு அடுத்து ஒரு வாக்கியம் அவருக்குத் தெரிந்திருந்தால் அதுவே ஒரு பொது நிகழ்ச்சி.

தலை எண்ணுவதை நிறுத்துங்கள். பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிய நானூறு பிள்ளைகள் ஒரு எண் மட்டுமே. அவர்களில் ஒருத்தி அடுத்த மாதம் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாளா? அதை எண்ணுங்கள். முதல் வருகையை நீங்கள் ஏற்பாடு செய்யலாம், இரண்டாவது வருகையை அவர்கள்தான் ஏற்பாடு செய்ய முடியும்.

முதல் நிகழ்ச்சி என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். ஓவியப் போட்டி வேண்டாம். திருவாலங்காட்டுக்கு ஒரு பஸ் அனுப்புங்கள், அடுத்து திருவெண்காட்டுக்கு. சிலை எந்த மண்ணிலிருந்து வந்ததோ அந்த மண்ணின் ஆட்கள், எல்லாத் தெரு ஆட்களும், ஊரும் சேரியும், ஒரே பஸ்ஸில். கூடத்துக்குள் வந்ததும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் சுற்றி வரட்டும், முதுகைப் பார்க்கட்டும், கைகூப்புகிறவர் கூப்பட்டும். பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, "இது உங்க ஊருது. இதப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்க" என்று கேளுங்கள். சொல்வதை எழுதுங்கள். அந்த வருடம் முடிவதற்குள் அதில் நான்கு வரியாவது, சொன்னவரின் சம்மதத்தோடு, அந்தச் சிலைக்குப் பக்கத்தில் பலகையாக ஏற வேண்டும்.

"அதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல" என்று பொறுப்பாளர் சொன்னால், அந்தப் பதவியை வேறு பெயரில் விளம்பரம் செய்யட்டும். கோலம் போட ஆள் தேவை என்று நேர்மையாகப் போடலாம்.